ஒத்திகை மூச்சு

ஸ்கேன் எடுப்பதற்கு முன் எல்லாரையும் ஒரு தடவை மூச்சுப் பிடித்துப் பார்க்கச் சொல்வாள், ஸ்கேன் மிஷினை இயக்கும் ஜெசிந்தா. நடுவில் இருமினால் படம் கலங்கிவிடும். மறுபடி எடுத்தால் கதிர்வீச்சு உடம்பில் இரண்டு மடங்கு ஏறும். கொரோனா கூட்டத்தில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

லாரி ஓட்டும் பிச்சையாவுக்கு அது நாற்பது நாளில் நாலாவது ஸ்கேன். காய்ச்சல் விட்டும் பயம் விடவில்லை. டாக்டரை நச்சரித்துச் சீட்டு வாங்கி வந்திருந்தார்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க அண்ணாச்சி" என்று மைக்கில் சொல்லிவிட்டு, பழைய மூன்று படங்களையும் கணினியில் திறந்தாள். நுரையீரலின் வெள்ளைத் திட்டுகள் படத்துக்குப் படம் கரைந்துகொண்டே வந்திருந்தன. இதற்கு மேல் எதற்கு இன்னொன்று? அந்த எரிச்சலில், மூச்சை விடச் சொல்ல மறந்துபோனாள்.

பதறிக் கண்ணாடி வழியே பார்த்தாள். முதல் ஸ்கேனுக்கு வந்தபோது மூன்று எண்ணுவதற்குள் இருமித் துவண்ட மனிதர், முகம் சிவக்க அப்படியே கிடந்தார்.

"விடுங்க அண்ணாச்சி, விடுங்க!"

"எடுத்தாச்சாம்மா?"

"மிஷினே போடல. அரை நிமிஷம் தம் கட்டியிருக்கீய."

"நானா?"

இந்த ஸ்கேன் தேவைதானா என்று கேட்க அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. உள்ளே, யாரும் சொல்லாமலே பிச்சையா மறுபடி மூச்சை இழுத்து, தலைக்கு மேல் தூக்கியிருந்த கைகளில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். பத்தும் மடங்கிய பிறகும் மூச்சை விடவில்லை. முதல் விரலை மெல்ல விரித்தார்.