இரண்டு தையல்

சுற்றுலா வந்தவர் கன்னத்தில் விட்ட அறையில், பெட்டி தூக்கும் பல்லி என்பவனின் உதடு கிழிந்தது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது போலீஸ்காரர் தடுத்தார். முதல் அறை நன்றாக விழட்டும் என்று காத்திருந்துதான் தடுத்தார்.

பேருந்து நிலைய வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்து, ரத்தம் படத்தில் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே 'பயணிகளே, உங்கள் உடைமைகள் பத்திரம்' என்ற பலகை, யாரோ துப்பிய எச்சில் கறையோடு தொங்கியது.

பை தைப்பவர் தன் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பதினாறு வருஷமாக இதே வாசல், இதே கூத்து. எவனோ பையை அறுத்துவிட்டுப் போவான்; அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு இவர் தைத்துக் கொடுப்பார். திருடன் தின்ற மிச்சத்தைத் தின்று பிழைக்கிறோம் என்று சில நாள் அவருக்கே சோறு இறங்காது.

எத்தனையோ பைகளைப் பார்த்துவிட்டதால், வெட்டைக் கண்டாலே விவரம் சொல்லிவிடுவார். நெரிசலில் திருடன் இழுக்கும் பிளேடு, வெளித்தோலில் ஒரு சாண் ஓடும். உள்துணியில் நாலு விரல்தான் இறங்கும். பல்லி ஒரு காலத்தில் அதில் பெரிய கை. ஒட்டி நின்றாலும் தெரியாது என்பதால் வந்த பெயர். இரண்டு முறை ஜெயிலுக்குப் போய்வந்து, நான்கு மாதமாகப் பயணிகளின் பெட்டி தூக்குகிறான். அவனைத் தன் கடை நிழலில்கூட இவர் உட்கார விட்டதில்லை.

போலீஸ்காரர் ஒரு கையில் பல்லியின் சட்டைக் காலரைப் பிடித்தபடி, சுற்றுலாக்காரரின் மனைவியை மிஷின் பக்கம் அழைத்து வந்தார்.

"பையைப் படம் எடுத்தாச்சு. ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சம் இருக்கிறதும் விழுந்துடும். ரெண்டு தையல் போட்டுக் கொடுப்பா."

அவள் அழுதுகொண்டே பையை நீட்டினாள். "எங்கம்மா சங்கிலி போயிடுச்சு. சாகறப்போ என் கையில கழட்டிக் கொடுத்தது. வேற எது போயிருந்தாலும் விட்டுடுவேன்."

"கழுத்துல போட்டிருக்கலாமேம்மா," என்றார் பை தைப்பவர்.

"போட்டுத்தான் இருந்தேன். இந்த ஏரியா மோசம், கழட்டிப் பையில வைன்னு இவர்தான் சொன்னார்."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்." கணவர் சட்டைக் கையால் முகத்து வியர்வையை வழித்தார். "பஸ்ல இவ தூங்கிட்டா. பை என் மடியிலதான் இருந்துச்சு. கைக்குட்டை எடுக்க ஒரு தடவை உள்ள கையை விட்டேன், அப்பகூட சங்கிலி இருந்துச்சு. இறங்கினதும் பெட்டியைக் கொடுங்கன்னு இவன் வந்து உரசினான். அடுத்த நிமிஷம் பை கிழிஞ்சு கிடக்கு."

பல்லி உதட்டைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, பெட்டியைத்தான் தொட்டேன். பையைத் தொடவே இல்ல. நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"உனக்காக நான் என்னத்தைச் சொல்ல?" பை தைப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, கேட்க வேண்டுமே என்று கேட்டார். "சங்கிலி இவன்கிட்ட இருந்துச்சா சார்?"

"இல்ல. கை மாத்தியிருப்பான். இது மூணாவது தடவை, இனிமே லேசுல வெளிய வர முடியாது."

பல்லி தலையைக் குனிந்துகொண்டான். "எம்பொண்ணு இப்பதான் என்கூடப் பேசவே ஆரம்பிச்சிருக்கா," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

பை தைப்பவருக்கு அருவருப்பாக இருந்தது. பல்லியைப் பார்த்தா, சிரித்தவனைப் பார்த்தா என்று அவருக்கே புரியவில்லை. சீக்கிரம் தைத்துத் தொலைத்துவிடலாம் என்று ஊசியில் நூலைக் கோத்து, பையைக் கவிழ்த்து, உள்துணியை வெளியே இழுத்தார்.

ஊசி அப்படியே நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பையை மறுபடி வெளிப்பக்கம் திருப்பி, விரலால் அளந்தார்.

"ரெண்டு தையலுக்கு இவ்வளவு நேரமாப்பா? எங்களுக்கு வேற வேலை இல்லையா?" கணவரின் சட்டைக் கை மறுபடியும் நெற்றிக்குப் போனது. முழங்கை வரைக்கும் ஈரம்.

பல்லிக்காகப் பேச வேண்டி வந்ததே என்று பை தைப்பவருக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் பேசினார்.

"அம்மா, உள்துணி ஒரு சாண் கிழிஞ்சிருக்கு. வெளியே தோல்ல நாலு விரல்தான். இது வெளியேருந்து விழுந்த வெட்டு இல்ல. பைக்குள்ள கையை விட்டு அறுத்திருக்காங்க."

போலீஸ்காரரின் கை பல்லியின் காலரிலிருந்து தானாக நழுவியது.

அவள் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவரின் நனைந்த சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது. தெருவில் அசிங்கத்தை மிதித்துவிட்டவள் தன் காலைப் பார்ப்பதுபோல முகம் சுளித்தாள்.

"பஸ்ல எடுத்த கைக்குட்டை எங்கேங்க?"