எழுந்திராத மாப்பிள்ளை

மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை.

மூத்தவர்களுக்கான மேடையில் உட்கார்ந்து சைலஸ் அவன் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நேர் கீழே, சாய்மானம் இல்லாத பெஞ்சில், மாப்பிள்ளை ஜேபஸும் சைலஸின் மகள் கெசியாவும் சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அவர்கள் முகம் தெரிந்தது. சைலஸுக்கு இரண்டு முதுகுகள்தான் கிடைத்தன.

குவேக்கர் கிறிஸ்தவர்களின் கல்யாணத்தில் பாதிரியார் கிடையாது. பாட்டு, மோதிரம் எதுவும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் எப்போது உந்துதல் வருகிறதோ, அப்போது அவன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இவளை மனைவியாக ஏற்கிறேன் என்று சொல்வான். அவளும் சொல்லிவிட்டால் முடிந்தது.

எழுந்திரு என்று அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. ஜாடைகூடக் காட்டக் கூடாது.

இவனுக்கு என்ன உந்துதல் வேண்டிக்கிடக்கிறது என்று சைலஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேணம் தைக்கிறவர் மகன். சந்தைக்கு வந்தால் தோலில் இந்த இடத்தில் ஓட்டை, அந்த இடத்தில் சுருக்கம் என்று வாய் ஓயாமல் பேசுவான். இன்றைக்கு ஒரு வரி வரவில்லை.

சைலஸ் தோல் பதனிடுகிறவர். கருவாலி மரப்பட்டை ஊறிய தண்ணீரில் போட்ட மாட்டுத்தோலை ஒரு வருஷம் பொறுத்து எடுக்கிற மனிதர். அவருக்கே பொறுமை போய்விட்டது.

ஜார்ஜ் மன்னரின் நீதிபதி முன்னால் தொப்பியைக் கழற்றாமல் நின்று, அவரையும் ‘நீ’ என்றே கூப்பிட்டுவிட்டு வந்தவர் அவர். இந்தப் பயலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

காலையில் கிளம்பும்போதே மனைவி ஜூடித் அவர் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“அவ ராத்திரி ஒரு வாய் சாப்பிடல சைலஸ்.”

“கல்யாணப் பொண்ணு பின்ன மாடு மாதிரி தின்னுமா? நீ அடுப்புல இருக்கற ஆட்டுத்தொடை கருகாம பாத்துக்க, போதும்.”

ஆட்டுத்தொடை இந்நேரம் கரியாகியிருக்கும்.

பக்கத்தில் இருந்த கிழவர் எப்ராயிம் நெளிய ஆரம்பித்தார். மேடையில் இருக்கிற மூத்தவர்கள் இருவரும் கைகுலுக்கிவிட்டால் கூட்டம் கலைந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இன்றைக்குக் கல்யாணம் இல்லை. எப்ராயிமின் கை முழங்காலை விட்டு மெதுவாக நகர்ந்து வந்தது.

சைலஸ் தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எப்ராயிம் காதருகே குனிந்தார். “உன் மருமகன் எந்திரிக்கறதுக்குள்ள என்னை நாலு பேரு தூக்கிட்டுப் போயிருவாங்க போலயே.”

சைலஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கூட்டத்தைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. மூத்த மகன் சர்ச்சில் பாதிரியாரை வைத்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். சபை அவனை விலக்கிவைத்தது. இதே மேடையில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டியவர்களில் சைலஸும் ஒருவர். கெசியாவும் அப்படிப் போய்விட்டால் என்ன செய்வது என்று அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. சபைக்குள் அவளுக்குத் தோதாக இருந்தவன் ஜேபஸ் ஒருவன்தான். அவனை விட்டால் இந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது.

ஜேபஸின் தோள்கள் உயர்ந்தன.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. சைலஸும் நிமிர்ந்தார்.

தோள்கள் மறுபடி இறங்கின.

சற்று முன்பும் இதே கதைதான். எழுந்திருக்கிற மாதிரி போகிறான், பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறான். பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஜேபஸின் காதுகள் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன.

கோழைப் பயல். ஊர் பார்க்க என் பெண்ணை உட்காரவைத்து மானத்தை வாங்குகிறான்.

இனி முறையாவது மண்ணாங்கட்டியாவது. இடுப்பில் ஒரு குத்து விட்டால் தானாக எழுந்திருப்பான். முன்னால் இருக்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை. சைலஸ் கையைப் பையிலிருந்து எடுத்தார். முழங்காலைச் சொறிகிறவர்போல முன்னால் குனிந்து, விரலை நீட்டினார்.

கெசியாவின் சாம்பல் நிறச் சால்வை இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் ஒதுக்கினார்.

உள்ளே கெசியாவின் கை இருந்தது.

அது ஜேபஸின் கோட்டு நுனியைச் சுருட்டிப் பிடித்துப் பெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன.

ஜேபஸ் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அத்தனை பேர் பார்வையையும் தன் மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன மாதம் சபைப் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முழு மனதோடுதான் சம்மதிக்கிறாயா என்று கெசியாவிடம் கேட்டார்கள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொன்னது சைலஸ்தான்.

சால்வை விலகியது கெசியாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிடியை இன்னும் இறுக்கினாள்.

சைலஸ் நீட்டிய விரல் அப்படியே நின்றது.

பிறகு தன் கையை மெதுவாகப் பின்னால் இழுத்து, எப்ராயிமின் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.