இருவரும் ஒருவரா?

வீட்டுப் படங்களில் ஒன்றுகூட அழிந்துவிடக் கூடாது என்று ஹார்டு டிஸ்க் வாங்கி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஏற்றினேன். முகம் பார்த்துப் படங்களைத் தானே பிரித்துவைக்கும் மென்பொருள் வேறு. எனக்கு ஒரே ஃபோல்டர்தான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அதே அசட்டுச் சிரிப்பு, அதற்குக் குழப்பமே வரவில்லை. என் மனைவி பூங்கோதையை மட்டும் இரண்டு பேராகப் பிரித்துவிட்டு, "இருவரும் ஒருவரா?" என்று திரையில் கேட்டது.

ஒன்றில் கல்லூரி வாலிபால் மைதானத்தில் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். மற்றதில் அருவி, கடற்கரை, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் ஓரமாக, என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படமெடுக்கும்போது கழற்றி அவளிடம் கொடுத்துவிடுவேன். கண்ணாடி இல்லாமல் நான் அழகாம். சொன்னது நான்தான்.

"ஆம்" பக்கம் அம்புக்குறியை நகர்த்தினேன். பூங்கோதை என் கையைப் பிடித்தாள்.

"இல்லைன்னு அமுக்குங்க."

"மெஷினுக்கு என்ன கோதை தெரியும்?"

"அதுக்குத் தெரிஞ்சிருக்கே. இத்தன வருஷமா பக்கத்துல படுக்கிற உங்களுக்குத்தான் தெரியல. அந்தப் பொண்ணோட இவளக் கலந்தீங்க, டிஸ்க்கத் தூக்கிக் கிணத்துல போட்டுருவேன்."

எங்கள் ஃபிளாட்டில் கிணறு கிடையாது. அதைச் சொல்லும் தைரியம் எனக்கும் கிடையாது.

கீழே "பிறகு பார்க்கலாம்" என்று இன்னொரு பொத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் அம்புக்குறி அங்கே போய் நின்றது.

"நான் எது கேட்டாலும் இதத்தானே அமுக்குவீங்க" என்றவள், என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "ம், இப்ப அமுக்குங்க."

திரையில் இரண்டு முகங்களும் கலங்கித் தெரிந்தன. கண்ணாடி இல்லாததால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.