மாமனார் வருவதற்குள்

"சீக்கிரம் லொரெட்டா! மாமனார் இங்க வர வண்டியை எடுத்துட்டாராம். பிள்ளைக்கு முதல் துப்பாக்கி அப்பன் கையாலதான் வரணும், தாத்தா கையால இல்ல!"

டெக்சாஸில் மான் வேட்டைக்காலம் தொடங்க ஒரு வாரமே இருந்தது. துப்பாக்கிக் கடைக்காரி லொரெட்டா பதறாமல் டேரலின் முன் இரண்டு தோட்டாக்களை நிறுத்தினாள்.

"உன் மாமனார் எதை வாங்குவார்?"

"பெருசைத்தான். இந்த .30-06 தோட்டா."

"நம்ம பக்கத்து மான் ஆட்டைவிடக் கொஞ்சம்தான் பெருசு. அந்தக் குண்டு பட்டா கறி வீணாப் போகும். இந்த .243 பாரு, தடிமன் கால் அங்குலம்தான். வெடிமருந்தும் கம்மி, அதனால தோளை உதைக்கறதும் கம்மி. உதைக்குப் பயந்து கண்ணை மூடினா எந்த மானும் விழாது."

"இதேதான் வேணும். தோள் ரொம்பச் சின்னது."

"பிள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே? தோள்ல வச்சு அளவு பார்த்திருப்பேன். சரி, எடை எவ்வளவு? துப்பாக்கி கனமா இருந்தா உதை இன்னும் குறையும். ஆனா தூக்க முடியணுமே."

அதற்குள் டேரலின் கைப்பேசி அலறியது. காதில் வைத்தவன் துள்ளிக் குதித்தான்.

"பொண்ணு, லொரெட்டா! ஏழு பவுண்டு! இப்பத்தான் பொறந்தாளாம்!"

"அடப்பாவி! பிரசவ நேரத்துல இங்க என்னடா பண்ற?"

"ட்ரிஷாதான் துரத்தினா. 'எங்கப்பாவை முந்திட்டு வா'ன்னா!"

லொரெட்டா சிரித்துக்கொண்டே .243 துப்பாக்கியைத் தராசில் வைத்தாள். அதுவும் ஏழு பவுண்டு.

மாமனார் மூச்சிரைக்கக் கதவைத் திறந்தபோது, டேரல் துப்பாக்கியின் தலைப்பக்கத்தைப் பதமாகத் தாங்கித் தாலாட்டிக்கொண்டிருந்தான்.

"முந்திட்டேன் மாமா!"