மரத்துப்போன கால்

ஆய்வுக்கூட நாற்காலியில் தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் அதே முகத்தோடு அக்கா, மடியில் கைத்தடி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய் அக்காவை மட்டும் பிடித்திருக்கிறது; கால் மரத்துப்போவதில்தான் அது தொடங்கியது. மரபணு ஒன்றுதான், நோய் மற்றவளை ஏன் விட்டுவைத்தது என்று அறியத்தான் இருவரின் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். ஜன்னல் வெயிலில் இரண்டு குழாய்களும் ஒரே சிவப்பு. "இப்ப நடந்து காட்டணும், நீங்க வாங்க" என்று தங்கையைக் கூப்பிடுகிறாள் செவிலி. எழுந்தவளுக்கு இடது பாதம் இருப்பதே தெரியவில்லை. முகம் வெளுக்கிறது. "கால மடக்கியே உக்காந்திருந்தா மரத்துத்தான்டி போகும்!" அக்கா சிரித்துக்கொண்டே கைத்தடியை நீட்டுகிறாள். தங்கை அதைத் தொடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாதத்தைத் தரையில் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். அக்காவின் சிரிப்பு மெல்ல வற்றுகிறது. "எறும்பு ஊர்ற மாதிரியாவது இருக்கா? வாயத் திறந்து சொல்லுடி."