விதையில்லாத திராட்சை

பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. அதன் முன்னால் பேருந்து ஓட்டுநர் ஒருவர் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நிற்கிறார். மகளுக்கு இன்று பிறந்தநாள். பஞ்சு போன்ற கேக், ஓரம் சீவிய ரொட்டி, பக்கத்துப் பழக்கூடையில் விதையில்லாத திராட்சை என்று அவர் விரல் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறது. மொறுமொறுப்பான பண்டம் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. "திராட்சைய ரெண்டா நறுக்கிக் குடுங்கம்மா. தொண்டையில சிக்கிக்கும்." கடைக்காரம்மாள் கத்தியை எடுக்கிறாள். ஈ ஒன்று கண்ணாடியில் முட்டி முட்டி விழுகிறது. "பாப்பாவுக்கு இன்னும் பல்லு முளைக்கலையா?" "ஏழு வயசு" என்கிறார் அவர். "ஏழு வயசுப் பிள்ளை கல்லையே கடிச்சுத் தின்னுமே, சார்!" என்று சிரிக்கிறாள். அவரும் சிரிக்கப் பார்க்கிறார். அவர் கடைசியாக ஊட்டிவிட்டபோது மகளுக்கு இரண்டு வயது. அதற்கப்புறம் அம்மாவோடு வேறு ஊருக்குப் போனவளை இன்றுதான் அனுப்புகிறார்கள். "எத்தனை பிள்ளைங்க வராங்க?" "அவ மட்டுந்தான். நாலு மணிக்குக் கொண்டாந்து விடுவாங்க. ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க." கத்தி ஒரு கணம் நிற்கிறது. கடைக்காரம்மாள் அதைக் கீழே வைக்கிறாள். ஜாடியைத் திறந்து, நன்றாக முறுகிய பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். "பாப்பாவுக்கு இது பிடிக்குமான்னு பாருங்க." வாங்கியவர் வாயில் போடுவதில்லை. பழைய பழக்கத்தில் விரல்கள் அதைப் பிட்டுப் பிட்டு நொறுக்குகின்றன. குனிந்து பார்க்கிறார். உள்ளங்கையில், இரண்டு வயது வாய்க்கு அளவான துணுக்குகள்.