ஏழாம் பாகத்துக்கு ஒரு வரி

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் கம்பளியைக் கட்டி, மைக்கை அப்பாவின் வாய்க்கு நேரே வைத்தாள் சோபியா.

ஞானதாஸ் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடம் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்த கை, இதற்குப் போய் வேர்த்தது.

மகள் டைரக்டர். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொன்னால், எந்த ஹீரோ படம் என்று கேட்பார்கள். படமில்லை, கம்ப்யூட்டரில் ஆடுகிற கேம் கதை, ஆறு பாகம் வந்தாயிற்று, அதில் எங்கே ஏரி இருக்கணும், எந்த ராஜா சாகணும் என்று முடிவு பண்ணுவதே என் பெண்தான் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் வாலாஜாபாத் பஸ் கிளம்பிப் போயிருக்கும்.

முதல் பாகத்தில் ஏரிக் காவல்காரக் கிழவனுக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. செல்போனை நீட்டி அவரையே பேச வைத்தாள். 'மழை வருது, கரையேறு' என்று ஒரே வரி.

அவர் வாயில் ழ வராது. 'மய' என்றுதான் வந்தது. அதுவே ஆறு பாகமும் ஓடியது.

டைரக்டருக்குத் தமிழே தெரியாதா என்று நெட்டில் யாரோ எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து ஞானதாஸுக்கு மனசே சரியில்லை. தன் நாக்கால் பெண்ணுக்குத் தலைகுனிவு.

ஏழாம் பாகத்துக்குப் புது வரி என்று அவள் போனில் சொன்னதுமே, தமிழ் சொல்லிக்கொடுக்கிற திலகா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். ழ சொல்லப் பதினைந்து நாள் பயிற்சி. நாக்கை மடித்து மடித்துச் சோறு மெல்லவே வலித்தது.

சோபியா கையைக் காட்டினாள்.

"மழை நின்னுடுச்சு. இனிமே நீ போ."

சுத்தமான ழ. ஞானதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா நைனா இப்டி பண்ட்ட? மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆர்ட்டிஸ்ட் நாலு பேர வச்சி மூணு நாளா 'மய' சொல்ல வச்சேன். ஒருத்தருக்கும் வர்ல. ஆட்றவங்க எல்லாம் அந்த கெயவன் எங்கன்னுதான் மொதல்ல தேட்றாங்க. உன் கொரல் இல்லாம இந்த பாகத்த வெளிய வுடமாட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துகீறேன்."

ஞானதாஸ் சொம்பை எடுத்து நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, மைக்கைத் தானே கொஞ்சம் பக்கத்தில் இழுத்தார்.

"நாலு பேருக்குமா வர்ல?" என்று கேட்டார்.